கண்ணாடிப் பையில் ஒரு பம்பு

ஜூலை 5, சனி

காலையிலிருந்து புழுக்கம். வானம் கறுத்து, மழை வராமலே போயிற்று. துணியை மூன்று முறை உள்ளே எடுத்து, மூன்று முறை வெளியே போட்டேன். இதற்கே பாதி நாள்.

வேலைக்குத் திரும்ப எட்டு நாள். பட்டியல்:
- பம்பு (எது என்று இன்னும் முடிவு இல்லை)
- பாட்டில் நாலு
- ஐஸ் பெட்டி, சின்னது
- யூனிஃபார்ம். மேல் பட்டன் மாட்டவில்லை
- ஜெனிக்குப் பள்ளிக் காலணி

ஜெனி பிறந்தபோது அறுபது நாள்தான் லீவு. வேலைக்குப் போன மூன்றாம் வாரம் பால் நின்றது. நின்றது என்று ஊருக்குச் சொன்னேன். உண்மை வேறு. ஆலைக் கழிப்பறையில் நெஞ்சு கல்லாகக் கட்டும், கையால் பிழிந்து சிங்க்கில் ஊற்றுவேன், தண்ணீரைத் திறந்துவிடுவேன். நாளைக்கு இரண்டு தடவை. என் வீட்டுக்காரர் அ.விடம்கூடச் சொன்னதில்லை. அந்தோணி என்று முழுப் பேர் எழுதவும் இப்போது பொறுமை இல்லை.

எஸ்தருக்கு இப்போது மூன்று மாதம். ஆறு மாதம் முடிய என் பால் மட்டும். பின்வாங்கக் கூடாது என்றுதான் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

கிளினிக். எஸ்தருக்கு எடை சரி. அங்கே நர்ஸ் மிஸ்ஸி மலாய்க்காரப் பெண், என்னைவிடச் சின்னவள், ஆனால் நிதானம். வேலை எங்கே காக் என்று கேட்டாள், மலாயில் அக்காவுக்குக் காக். குருண், ஆலை. ஓய்வு எவ்வளவு நேரம்? இருபது நிமிடம். அப்படியானால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கிற பெரிய பம்பு வாங்குங்கள் காக், மோட்டார் பலமாக இருக்கட்டும், மற்றதெல்லாம் உங்களுக்குச் சரிவராது என்றாள். நெஞ்சில் வைக்கிற புனலிலும் அளவு உண்டாம், காலணி மாதிரி. ஒரு காகித அளவுகோல் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து பையில் தேடினேன், காணோம். ஜெனி அதை எடுத்துப் பூனை வரைந்திருக்கிறாள்.

ஜூலை 7, திங்கள்

புளோரா அக்கா வந்தார். திகாம் பத்துவில் எங்கள் வரிசைக்கு இரண்டு வரிசை தள்ளி வீடு, கோயில் மாதர் சங்கத்தில் பாதி வேலை அவர் தலையில். கேக் கடைப் பையில் தன் பம்பைக் கொண்டுவந்தார். மிஸ்ஸி சொன்ன அதே வகை. "என் ரெண்டு பிள்ளைக்கும் இதுதான். டியூப் மட்டும் புதுசா மாத்திக்க. காசெல்லாம் பேசாத, வச்சுக்க."

மேசையில் விரித்தார். ஒரு பெட்டி, இரண்டு குழாய், இரண்டு பெரிய புனல். புனலைப் பார்த்தால் எதற்கு என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஜெனியே கேட்டாள், "இதுல அம்மா நெஞ்ச வைக்கணுமா?"

அத்தைக்கு, அ.வின் அம்மாவுக்கு, சிரிப்பை அடக்க முடியவில்லை. "மாட்டுக்கே நாங்க கையாலதான் கறந்தோம். இது என்ன, மனுசிக்கு மிஷினு!" அ.வும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

அவர்கள் சிரித்தது எனக்குப் பெரிதல்ல. அப்போது நான் நினைத்தது பையை.

எங்கள் ஆலையில் கைப்பை கிடையாது. போகவும் வரவும் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பைதான், எல்லோருக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். யாரும் சரக்கைத் திருடிவிடக் கூடாதாம். கண்ணாடிப் பை என்போம். பத்து வருடமாக என் சோறு, என் மாத்திரை, மாதாமாதம் என் நாப்கின், எல்லாம் நாலு பேர் பார்க்கத்தான் கேட்டைத் தாண்டுகின்றன. மேனேஜர்கள் மட்டும் தோல் பை. அவர்கள் திருட மாட்டார்கள்போல.

கேட்டில் காவல் நிற்கிற ஜாகா யார்? சுப்பையா மாமா. சிடாம் கிரியில் அத்தையோடு ஒரே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் முன்னால் இந்த இரண்டு புனலையும் ஆட்டிக்கொண்டு போக வேண்டும்.

"எனக்குத் தானாவே ஒழுகுதுக்கா. சின்னதே போதும்" என்றேன். பொய். புளோரா அக்கா பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தார். தேநீர் குடிக்காமல் போனார்.

ஜூலை 10, வியாழன்

நேற்று போனில் பார்த்து வாங்கியது இன்றே வந்துவிட்டது. ஒயர் இல்லை, குழாய் இல்லை. இரண்டு கிண்ணம், உள்ளாடைக்குள் வைத்தால் போதும். விளம்பரத்தில் ஒருத்தி அதைப் போட்டுக்கொண்டு சமைக்கிறாள், கார் ஓட்டுகிறாள், சிரிக்கிறாள். எப்போதும் சிரிக்கிறாள்.

கண்ணாடிப் பைக்குள் வைத்து அ.வை வாசலில் நிறுத்தினேன்.

"என்ன தெரியுது?"

"சம்பல் டப்பா ரெண்டு மாதிரி இருக்கு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. ஏன், என்ன தெரியணும்?"

ஒன்றும் தெரியக் கூடாது. அது போதும் எனக்கு.

வீட்டில் போட்டுப் பார்த்ததில் முக்கால் மணி நேரத்தில் 60 மி.லி. கொஞ்சம் வலி. புதுசு, பழகும்.

டுரியான் பழம் இரண்டு கூடை வந்திறங்கியிருக்கிறது பக்கத்து வீட்டில். அத்தை என்னைத் தொட விடவில்லை. பிள்ளைக்குச் சூடாம். வாசம் மட்டும் இலவசம்.

ஜூலை 13, ஞாயிறு

முதல் நாள். மற்ற ஊரில் ஞாயிறு ஆண்டவருடையது, இந்த மாநிலத்தில் விடுமுறை வெள்ளிக்கு, ஞாயிறு ஆலையுடையது. பூசைக்கு நேற்றே சாயங்காலம் போய் வந்தாயிற்று.

காலை 5:50. பேருந்து ஏறும்போது எஸ்தர் தூக்கம். நல்லது. அழுதிருந்தால் நான் ஏறியிருக்க மாட்டேன்.

இப்போது நடந்ததை எழுத வேண்டும். எழுதினால்தான் தலையை விட்டுப் போகும்.

பேட்டரிப் பொருள் எதையும் லைனுக்குள் கொண்டு போகக் கூடாது. தெரியும். நானே புதுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்த விதி. ஆனால் விளம்பரக்காரி வேலை செய்துகொண்டே எடுக்கிறாளே, என் வெள்ளை அங்கிக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று இரண்டு கிண்ணத்தையும் உள்ளே வைத்துக்கொண்டு போனேன். கதவில் சோதனைக்கு நிற்கிற ஃபாரிடா கைக்கருவியால் தடவினாள். நெஞ்சுக்கு நேராக கீ என்றது. மறுபடி தடவினாள். மறுபடி கீ. பின்னால் பன்னிரண்டு பேர் வரிசை.

"இது என்ன, காக்?" கிசுகிசுப்பாகத்தான் கேட்டாள் பாவம். அந்தக் கீ சத்தம் கிசுகிசுக்கவில்லை.

அங்கியைக் கழற்றி, எடுத்து, லாக்கரில் வைத்து, மறுபடி அங்கி. பதினொரு நிமிடம் தாமதம். கமலா அக்கா, எங்கள் சூப்பர்வைசர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "வந்த மொத நாளே உன் பஞ்சாயத்தா ரெஜி?"

ஒளித்து வைக்க வாங்கினேன். ஊருக்கே மணி அடித்தது.

ஜூலை 14, திங்கள்

மழை. கடைசியில்.

பால் எடுக்க அறை இருக்கிறதா என்று ஆபீசில் கேட்டேன். இருக்கிறதாம்! மாடியில். கதவில் தாயும் பிள்ளையும் படம், அழகாக. உள்ளே நாங்கள் லைனில் மாட்டுகிற காலுறைப் பெட்டிகள் கூரை வரைக்கும். மூலையில் ஒரு நாற்காலி, கை ஒடிந்தது. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பார்க்க வரும்போது மட்டும் பெட்டிகள் போகும், நாற்காலி வரும், படம் எடுப்பார்கள். அதற்குக் கட்டியது.

இருபது நிமிடத்தில்: அங்கி கழற்ற 4, மாடி ஏற 3, இறங்க 2, அங்கி மாட்ட 4. மிச்சம் ஏழு. சம்பல் டப்பாவுக்கு முக்கால் மணி நேரம் வேண்டும்.

மாலையில் கேட். சுப்பையா மாமா பைக்குள் பாட்டிலைப் பார்த்தார். "என்னம்மா இது?"

சொன்னேன். அவர் முகம் வேறு பக்கம் போயிற்று. ஆனால் கை பாட்டிலை விடவில்லை. போன வருடம் யாரோ தண்ணீர்ப் பாட்டிலில் ஆலை மருந்தைக் கடத்திப் பிடிபட்டான். அன்றிலிருந்து தண்ணீர் மாதிரி எது வெளியே போனாலும் ஃபாரம் வேண்டும், சூப்பர்வைசர் கையெழுத்தோடு, கேட் நோட்டிலும் எழுத வேண்டும். "நான் என்னம்மா செய்ய, கேமரா இருக்கு."

திரும்ப உள்ளே ஓடினேன். கமலா அக்கா கையெழுத்து போட்டார். ஃபாரம் இப்படி:

பொருள்: தாய்ப்பால்
அளவு: 80 மி.லி.
திரும்பக் கொண்டுவரப்படுமா: இல்லை

பேருந்து போய்விட்டது. அ. மோட்டார் சைக்கிளில் வந்து அழைத்துப் போனார். மழைக்கோட்டுக்குள் பாட்டிலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஃபாரம்படி: செவ்வாய் 90. புதன் 70. இன்று 70.

எஸ்தருக்குப் பகலில் வேண்டியது குறைந்தது முந்நூறு மி.லி. லீவில் சேர்த்து உறைய வைத்தது ஃப்ரீசரில் பதினோரு பை. தினம் இரண்டு, மூன்று குறைகிறது. திறந்து எண்ணிவிட்டு மூடுகிறேன், ஏதோ குட்டி போட்டிருக்கும் என்பதுபோல.

வலது பக்கம் வெடிப்பு. தண்ணீர் பட்டாலே உயிர் போகிறது. வலித்தால்தான் பால் வரும்போல என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஜெனி காலணி ஒரு அளவு சிறிது. மாற்ற வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

ஓய்வில் கமலா அக்காவிடம் கேட்டேன், இன்னும் பத்து நிமிடம் கூடுதலாகக் கிடைக்குமா, சாப்பாட்டு நேரத்தில் கழித்துக்கொள்கிறேன் என்று.

"ஒருத்திக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாளுங்க. நாங்கல்லாம் பம்பா வச்சிருந்தோம்? நாப்பது நாள்ல வேலைக்கு வந்தேன். எங்கம்மா மல்லியப்பூவ நெஞ்சுல வச்சுக் கட்டிவிட்டாங்க, ஒரு வாரத்துல வத்திருச்சு. பிள்ள என்ன செத்தா போச்சு? இன்ஜினியரு இப்ப."

பேசும்போது என்னைப் பார்க்கவில்லை, சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தானாகவே சொன்னார், "ஒரு வாரம் ஜாக்கெட்டு பூரா பூ வாசம். இன்னிக்கும் மல்லிய எனக்குத் தலையில வைக்கப் புடிக்காது."

கோபப்படலாம் என்று பார்த்தேன். படக்கூட விடவில்லை அந்த மனுசி. பத்து நிமிடமும் தரவில்லை.

ஜூலை 25, வெள்ளி

லீவு நாள். எஸ்தர் காலையிலிருந்து என் மேலேயே. சுகம்.

மதியம் துணி மடித்துவிட்டுச் சமையலறைக்குப் போனால் மேசையில் மாவுப்பால் டின். திறந்த டின்.

"எப்ப வாங்கினீங்க அத்தை?"

"செவ்வாக்கெழம. பிள்ள அழுதா, ஃப்ரிஜ்ஜுல இருந்தது பத்தல. வேற என்ன செய்யச் சொல்ற? பச்சத் தண்ணியக் குடுக்கவா?"

மூன்று நாளாக. என்னிடம் சொல்லவில்லை. அ.வுக்குத் தெரியும். அவர்தான் வாங்கி வந்திருக்கிறார்!

கத்தினேன். நன்றாகவே கத்தினேன். பக்கத்து வீட்டில் வானொலியைக் குறைத்தார்கள். ஜெனி மேசைக்கடியில் போனாள்.

அத்தை திருப்பிக் கத்தவில்லை. உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே சொன்னார்: "நான் வெட்டுக்குப் போகயில பிள்ளைய ஆயாக் கொட்டாயில விட்டுட்டுப் போவேன். ஒம்பது மணிக்கு மேல்பார்வ பாக்குற மண்டோரு விடுவாரு. ஓடிப்போயி குடுத்துட்டு ஓடியாந்துருவோம். கெட்ட வார்த்தையில திட்டுவான் அந்த மண்டோரு, ஆனா விடுவான். உன் கம்பெனியில ஏசி இருக்கு, கேமரா இருக்கு, விட ஆளில்ல. இதுல என்னையக் கத்தி என்ன?"

அவர் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிச்சல்.

அ. இரவுச் சாப்பாட்டில், "டின்னு குடிச்ச பிள்ளைங்களும் நல்லாத்தானே..." என்று ஆரம்பித்தார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

50. இன்று இளஞ்சிவப்பாக வந்தது. ரத்தம். அரை நாள் லீவு போட்டுக் கிளினிக்.

அதே மிஸ்ஸி. பம்பைக் கையில் எடுத்துக் கிண்ணத்துக்குள்ளே இருக்கும் புனலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இது உங்களுக்கு ரொம்பப் பெரிது காக், அளவுகோல் கொடுத்தேனே? ஏழு நிமிடத்தில் இதனால் ஒன்றும் எடுக்க முடியாது, எடுக்காத பாலை உடம்பு நிறுத்திவிடும், தேவையில்லை என்று நினைத்துக்கொள்ளும். நான் சொன்னதை ஏன் வாங்கவில்லை?

என்ன சொல்ல? பூனை வரைந்துவிட்டாள் என்றா? சுப்பையா மாமா என்றா?

அதில் பால் எவ்வளவு வரும் என்று பார்த்து வாங்கவில்லை. பையில் எப்படித் தெரியும் என்று பார்த்து வாங்கினேன். பிள்ளைக்கு வாங்கவில்லை, கேட்டுக்கு வாங்கினேன். இதை மிஸ்ஸியிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

திரும்ப வருமா என்று கேட்டேன். முழுசாகச் சொல்ல முடியாது, நல்ல பம்பு வைத்து விடாமல் எடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக ஏறலாம், வராத நாளிலும் எடுங்கள் என்றாள். புனல் அளவைப் பேனாவால் என் உள்ளங்கையில் எழுதிவிட்டாள். காகிதத்தை நம்பவில்லைபோல.

ஆகஸ்ட் 2, சனி

சாயங்காலப் பூசை. சாமியார் பிரசங்கத்தில் என்ன சொன்னார் தெரியாது. புளோரா அக்காவின் பின்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து, அந்தோனியார் சொரூபத்துக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தேன். "அக்கா, அந்தப் பம்பு..."

"சுங்கை பட்டாணியில ஒரு டீச்சருக்குக் குடுத்துட்டேனே. நீதான் வேணாம்னே. தானா ஒழுகுதுன்னே."

"பொய் சொன்னேன்க்கா."

"ஏம்மா?"

"கண்ணாடிப் பையில வச்சுக் கொண்டு போக வெக்கமா இருந்துச்சு."

புளோரா அக்கா முன்பு எங்கள் ஆலைக்கு அடுத்த ஆலையில் எட்டு வருடம். அங்கேயும் அதே பைதான். நான் மறந்தே போனேன். "நான் மட்டும் எதுல கொண்டு போனேன்னு நினைச்ச?" என்றார். என் புனல் அளவு என்ன என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஃப்ரீசரில் பை: இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

வேலை விட்டு வந்தபோது வாசல் கேட்டில் கேக் கடைப் பை தொங்கியது. அந்த டீச்சருக்கு அவள் தங்கை புதிதாக வாங்கிக் கொடுத்துவிட்டாளாம். புளோரா அக்கா அத்தையிடம் சொல்லிவிட்டு, உள்ளே வராமல் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். புது டியூப், சின்னப் புனல் இரண்டு, என் அளவு. போன சனிக்கிழமை என் உள்ளங்கை எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டது இதற்குத்தானா!

அத்தை பெட்டியை எடுத்துத் துடைத்தார். புனலை வெந்நீரில் போட்டு எடுத்தார். மாடு, கறவை என்று எதுவும் சொல்லவில்லை.

எஸ்தர் என்னிடம் வந்தால் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு முகத்தைத் திருப்புகிறாள். பாட்டிலில் சுலபமாக வருகிறது. அவளைச் சொல்லி என்ன.

ஆகஸ்ட் 7, வியாழன்

மதியத்திலிருந்து மேகம்.

காலையில் பெட்டி, இரண்டு குழாய், இரண்டு புனல், எல்லாம் கண்ணாடிப் பையில். சோற்றை மேலே வைத்து மறைக்கவில்லை. பேருந்தில் மடியில். பக்கத்துச் சீட்டுப் பெண் போனில் நாடகம் பார்த்தாள். கேட்டில் நாற்பது பேர் வரிசை, யாரும் பார்க்கவில்லை. சுப்பையா மாமா, "போ போ, பஸ்ஸு லேட்டு" என்று கையை வீசினார். லாக்கரில் இரண்டு பேர் ஓவர்டைம் பற்றிப் பேசிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். பத்து வருடம் பழகிய பை. அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் அக்கறை இல்லை. ஒரு கண்கூட இல்லை. இதற்காகவா?

காலுறைப் பெட்டிகளுக்கு நடுவே கை ஒடிந்த நாற்காலி. ஏழு நிமிடம். வலி இல்லை. மோட்டார் சத்தம் மட்டும் பெரிது. முதல் ஓய்வில் அடியில் ஈரம். இரண்டாம் ஓய்வில் கொஞ்சம். மூன்றாவதில் சேர்த்து ஊற்றினால் 20 மி.லி.

கமலா அக்கா கையெழுத்து போட்டார். அளவைப் படித்தார். பேனாவை மூடிவிட்டு, "நாளைக்கு ரெண்டாவது பிரேக்ல கொஞ்சம் லேட்டா வந்தாலும் பரவால்ல. ஒருத்திகிட்டயும் சொல்லிக்காத" என்றார். இப்போதா அக்கா? மூன்று வாரம் கழித்தா? நன்றி என்றுதான் சொன்னேன்.

கேட்டுக்கு வரும்போது தூறல். பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. சுப்பையா மாமா பையிலிருந்து பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் ஒரு விரல் அளவுகூட இல்லை.

"இவ்ளோதானாம்மா? இதுக்கெல்லாம் ஃபாரம் எதுக்கு. மழ வருது, ஓடு."

"நோட்டுல எழுதுங்க மாமா."

"அட, கொஞ்சூண்டு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்லா. பஸ்ஸு போயிரும்மா."

"பால். இருபது மில்லி. எழுதுங்க."

எழுதினார்.